மரக்கறிகளைப் பழுதடையாது பேணல்: வாசனைத் திரவியங்களின் பயனும் எல்லையும்

கண்டியைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொறுக்காய் என்பன பலாவுடனும் தென்னையுடனும் ஒருங்கே வளர்கின்றன. நெல் அறுத்த வயலில் போஞ்சி, மிளகாய் முதலியன பயிரிடுவோரும் உளர். எல்லோரும் ஒரே காலத்திற் பறிக்கும்போது சந்தையில் விலை வீழ்கின்றது. விலைபோகாத மரக்கறி சில நாட்களில் அழுகிவிடுகின்றது. இவ்விழப்பை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே குறைக்கலாம். எனினும், எப்பொருள் எவ்வளவுக்குக் காக்கும் என்பதை அறிந்தே இதனைச் செய்தல் வேண்டும்.

வாசனைத் திரவியங்களின் இயல்பு

உணவைப் பழுதாக்குவன பற்றீரியா, மதுவம், பங்கசு என்னும் நுண்ணுயிர்களாகும். தாவரங்கள் இவற்றை எதிர்க்கும் பொருள்களைத் தம்முள் ஆக்குகின்றன. கராம்பிலும் கறுவா இலையிலும் இயூசினோல் உண்டு; கறுவாப் பட்டையில் சின்னமல்டிகைட்டு உண்டு. இவை நுண்ணுயிரின் மேற்சவ்வைச் சிதைக்கின்றன. உள்ளியை நசுக்கும்போதே அலிசின் உண்டாகின்றது. கடுகின் காரமும் அதனை நீருடன் அரைத்த பின்னரே தோன்றும்; கொதிநீர் சேர்த்தால் அக்காரத்தை ஆக்கும் நொதியம் அழிந்துவிடும்.

இவற்றை மட்டும் நம்பலாகாது

நுண்ணுயிரை முற்றாகத் தடுக்கும் அளவிற்கு இத்திரவியங்களைச் சேர்த்தால் உணவை உண்ண இயலாது. 1985ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில், எண்ணெயில் இட்டுக் குளிரூட்டாது வைத்த உள்ளியை உண்ட 36 பேர் பொட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கு ஆளாயினர். உள்ளியிலுள்ள அலிசின் அவர்களைக் காக்கவில்லை. எண்ணெய் காற்றைத் தடுத்தமையால், காற்றின்றி வளரும் பற்றீரியா அங்கே நஞ்சை ஆக்கிற்று. அந்நஞ்சு இருப்பதை மணத்தாலோ நிறத்தாலோ அறிய இயலாது. பி.எச். 4.6 இலும் குறைந்த புளிப்பில் அப்பற்றீரியா வளராது. ஆகவே காவலாவது புளிப்பே. உப்பும் வாசனைத் திரவியங்களும் அதற்குத் துணையாவன.

அச்சாறு செய்யும் முறை

1. பழுதற்ற போஞ்சி, கரட், பச்சை மிளகாய் ஒரு கிலோகிராமைக் கழுவிச் சிறு துண்டுகளாக வெட்டுதல் வேண்டும். கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டு, வடித்து, ஈரம் போக உலர்த்துதல் வேண்டும்.

2. 4 வீதத்திற்குக் குறையாத அசற்றிக்கமிலமுள்ள வினாகிரி ஒரு லீற்றரில் 50 கிராம் உப்பையிட்டு, கொதி வந்ததும் இறக்கி ஆறவிடுதல் வேண்டும். வினாகிரிக்கு நீர் கலத்தலாகாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது.

3. கடுகு 25 கிராமை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீர்விட்டு அரைத்துப் பத்து நிமிடம் வைத்தபின், ஆறிய வினாகிரியிற் கலத்தல் வேண்டும். நசுக்கிய உள்ளி, மிளகு, இரண்டொரு கராம்பு என்பனவற்றையும் இதிற் சேர்க்கலாம்.

4. கொதிநீரில் அவித்து உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் மரக்கறியை இட்டு, அது முற்றாக அமிழும்வரை வினாகிரியை ஊற்றி மூடுதல் வேண்டும். ஒரு வாரத்தின் பின் உண்ணலாம்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் நன்று. அவ்வசதி இல்லாதோர் சிறிது சிறிதாகச் செய்து, சில வாரங்களுள் உண்டு முடித்தல் வேண்டும். எடுப்பதற்கு உலர்ந்த கரண்டியையே பயன்படுத்துக. பூஞ்சணம் படர்ந்தாலோ, குமிழி எழுந்தாலோ, மூடி புடைத்தாலோ சுவைத்துப் பாராது எறிந்துவிடுக. விற்பனைக்காகச் செய்ய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் முன்னதாக ஆலோசனை பெறுதல் நன்று.