கிட்டங்கியில் இறக்கும் சரக்கு வெடிக்குமா?

எங்களுடையது புதூரில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். மழை பொய்த்த வருஷங்களில் கிட்டங்கி பாதி காலியாகத்தான் கிடக்கும். அப்படிக் கிடந்த சமயத்தில் தெரிந்த தரகர் ஒருவர் ஒரு பார்ட்டியைக் கூட்டி வந்தார். இரசாயன மூடை கொஞ்சம் இறக்கி வைக்க மூன்று மாதத்துக்கு இடம் வேண்டும் என்றார் வந்தவர். அவர் சொன்ன வாடகை நாங்கள் வழக்கமாக வாங்குவதில் இரண்டு பங்கு.

"அண்ணாச்சி, இது லேப்ல டெஸ்ட் பண்ணுன சரக்கு. வெடிக்காதுன்னு எழுத்துலயே குடுத்திருக்காங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

எங்கள் மகனுக்கு அதில் விருப்பம். சும்மா கிடக்கிற இடத்துக்கு வாடகை வந்தால் வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் எங்களுக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகத்தில் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் கோவில்பட்டியில் ஒரு லாரி செட்டில் நாங்கள் சரக்கு ஏற்றக் காத்திருந்தோம். பக்கத்தில் நின்ற லாரி, மிளகாய்ச் செடிக்குத் தூவுகிற கந்தகத் தூளை இறக்கிவிட்டு வந்தது. தளத்தைக் கூட்டவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவேண்டிய குளோரேட் மூடைகளை அதன் மேலேயே ஏற்றினார்கள். ஒரு மூடையில் பொத்தல். லோடுமேன் அதைத் தரையோடு இழுத்தபோது படபடவென்று சத்தம் கேட்டது, நீல நிறத்தில் ஒரு சுவாலை ஓடியது. அவருடைய காலில் தீக்காயம். நல்லவேளை, யாரோ மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். மூடை பற்றியிருந்தால் இதை எழுத நாங்கள் இருந்திருக்க மாட்டோம்.

பொட்டாசியம் குளோரேட் நம் பகுதிக்குப் புதிதல்ல. தீக்குச்சியின் முனையில் ஏறத்தாழ பாதி அதுதான். அதோடு கொஞ்சம் கந்தகம், கண்ணாடித் தூள், பசை, சாயம். பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். குளோரேட் தனியாக, சுத்தமாக இருக்கும்வரை எளிதில் எதுவும் செய்வதில்லை. கந்தகம், கரித்தூள், சர்க்கரை, சாக்கு நார் என்று எரியக்கூடிய எதனோடு சேர்ந்தாலும் அதன் குணம் மாறிவிடுகிறது. கந்தகத்தோடு சேர்ந்தால் உரசலே போதும். கந்தகத் தூளில் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு அமிலம், ஈரம் பட்டால் குளோரேட்டைச் சிதைக்கத் தொடங்கி, யாரும் தொடாமலே தீப்பிடிக்க வைக்கவும் கூடும். ஐப்பசி அடைமழையில் ஒழுகுகிற கிட்டங்கிகள் நம்மிடம் எத்தனை என்பது நமக்கே தெரியும்.

இந்தப் பாடம் உலகத்துக்குத் தெரிந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. 1788இல் பிரான்சில் பெர்த்தொலே என்ற விஞ்ஞானி வெடிஉப்புக்குப் பதிலாக இந்தக் குளோரேட்டைப் போட்டுத் துப்பாக்கி மருந்து அரைத்துப் பார்த்தார். ஆலை வெடித்து, இருவர் மாண்டனர். நம் நாட்டில் 1992 ஜனவரியில் மத்திய அரசு, குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளைச் செய்வதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. தீக்குச்சி முனை, பொம்மைத் துப்பாக்கிப் பொட்டு வெடி, ஆராய்ச்சிக்கான சிறு அளவு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கில்தான் நம் பகுதித் தீப்பெட்டித் தொழில் நடக்கிறது. ஒரு ரூபாய்ப் பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானதற்கு நாமெல்லாம் கடையில் பதில் சொன்னோம். அந்தக் குச்சியின் முனைக்குள் ஒரு சட்ட விலக்கு இருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

சரி, ஒரு பொருள் வெடிக்குமா என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? எங்கள் கையில் இருந்த தாளைக் கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். ஐக்கிய நாடுகள் சபை இதற்கென ஒரு கையேடு வைத்திருக்கிறது. பல நாடுகளிலும் அந்த முறைகளைத்தான் பின்பற்றுகிறார்கள்.

முதலில் கடுகளவு, அதாவது சில மில்லிகிராம் மட்டும் எடுத்து, ஒரு கருவியில் வைத்து மெல்லச் சூடாக்குகிறார்கள். எந்த வெப்பத்தில் சிதைகிறது, சிதையும்போது எவ்வளவு சூட்டைக் கக்குகிறது என்று பார்க்கிறார்கள். அது ஆபத்தான அளவு என்றால்தான் பெரிய சோதனைகளுக்குப் போவார்கள். எடுத்த எடுப்பில் கிலோக் கணக்கில் வைத்து யாரும் விளையாடுவதில்லை.

அடுத்தது அடி. இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே துளிப் பொருளை வைத்து, மேலிருந்து எடைக்கல்லை விழவிடுகிறார்கள். ஒவ்வொரு உயரத்திலும் ஆறு முறை. ஆறில் ஒன்று வெடித்தாலும் கணக்கு. ஒரு கிலோக் கல் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தே வெடிக்கிறது என்றால், அந்த நிலையில் அதை வண்டியில் ஏற்றவே கூடாது. அதேபோல உரசலுக்கு ஒரு சோதனை உண்டு. பீங்கான் தட்டில் பொருளை வைத்து, பீங்கான் முளையால் அழுத்தித் தேய்ப்பார்கள். ஏறக்குறைய எட்டுக் கிலோ அழுத்தத்துக்குள்ளேயே வெடித்தால் அதுவும் தள்ளுபடி. இதைக் கேட்டதும் எங்களுக்கு அந்த லோடுமேன் இழுத்த மூடைதான் கண்முன் வந்தது. ஐம்பது கிலோ மூடையைத் தரையில் இழுத்தால் அது எத்தனை மடங்கு!

பிறகு சூடு. 75 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பது ஒன்று. இன்னொன்று எஃகுக் குழாய்ச் சோதனை. குழாயில் பொருளை அடைத்து, சிறு துவாரம் உள்ள தகட்டால் மூடி, நான்கு பக்கமும் எரிவாயு அடுப்பு வைத்துச் சுடுகிறார்கள். துவாரத்தை 20 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை குறைத்துக்கொண்டே வருவார்கள். எந்த அளவில் குழாய் மூன்று துண்டாகவோ அதற்கு மேலோ சிதறுகிறது என்பதுதான் விடை. பெரிய துவாரம் இருந்தும் சிதறினால் பொருள் அவ்வளவு பொல்லாதது. திறந்த வெளியில் சும்மா எரிகிற பொருள், அடைபட்டால் வெடிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

பட்டாசு போன்றவற்றுக்குப் பெட்டியோடு அடுக்கிவைத்துத் தீயிட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. இந்தியாவில் வெடிபொருள் சம்பந்தமான அதிகாரம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பிடம் இருக்கிறது. பழைய வெடிபொருள் துறைதான் அது. அதன் கீழ் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இத்தனை இருந்தும் 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது உயிர்கள் போயின. காப்பாற்ற ஓடியவர்களும் அதில் உண்டு.

ஆசிரியர் சொன்னதில் எங்களை உலுக்கியது ஜெர்மனியின் ஒப்பாவ் கதை. அங்கே ஓர் உர ஆலையில் அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் மலைபோலக் குவிந்து இறுகிக் கிடந்தது. இந்த விகிதக் கலவை வெடிக்காது என்று சோதித்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில் இறுகிய உரத்தை உடைக்க அதற்குள்ளேயே வெடிவைத்தார்கள். ஒன்றல்ல இரண்டல்ல, ஏறக்குறைய இருபதாயிரம் முறை வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21 அன்று குவியலில் ஒரு பகுதி வெடித்து 500 பேருக்கு மேல் இறந்தனர். தயாரிப்பு முறையை அதற்குச் சற்று முன்தான் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். கலவை முன்னைவிட உலர்ந்து, பொடியாகி, எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாமல் இருந்திருக்கிறது. சோதித்த சரக்கு வேறு, குவிந்த சரக்கு வேறு.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை தாய்லாந்தினுடையது. அங்கே லாங்கன் என்ற பழமரம் பருவம் தப்பிப் பூக்க வேர்ப்பகுதியில் குளோரேட் ஊற்றுவார்கள். 1999 செப்டம்பரில் சியாங்மாய் பக்கம், பழம் பதப்படுத்தும் ஓர் ஆலையில் இருந்த குளோரேட் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பட்டாசு ஆலையுமல்ல, தீப்பெட்டி ஆபீசுமல்ல. நம்மைப் போல விளைபொருள் வியாபாரம் செய்கிற இடம்.

2020 ஆகஸ்டு 4இல் பெய்ரூத் துறைமுகத்தில் 2750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோதுதான், சென்னை மணலியில் 2015இல் பறிமுதலாகி ஐந்து வருஷமாகக் கிடந்த சுமார் 700 டன் சரக்கு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அதே மாதத்தில் லாரி லாரியாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அது சட்டப்படி உரிமம் வேண்டிய பொருள் என்று 2012 விதிகளே சொல்கின்றன.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். சோதித்திருப்பது எடைக்கல் சோதனை ஒன்று மட்டும். உரசலும் இல்லை, சூடும் இல்லை. மாதிரியை எடுத்துக் கொடுத்தது பார்ட்டியே என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. மூடையில் வரப்போகிற சரக்கு அதுதான் என்பதற்குத் தொகுதி எண் எதுவும் இல்லை. "தாளில் பொய் இல்லை, முதலாளி. அவர்கள் கொடுத்த பொடி அன்றைக்கு அந்த அடிக்கு வெடிக்கவில்லை. அவ்வளவுதான் இதற்கு அர்த்தம்" என்றார்.

பார்ட்டியிடம் மூன்று கேட்டோம். கொள்முதல் பில், உரிமம் தேவைப்படும் சரக்கென்றால் உரிம நகல், தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு விவரத் தாள். பதினாறு பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பத்தாவது பகுதியும் பதினான்காவது பகுதியும். எதனோடு சேரக்கூடாது என்பது பத்தாவதில் இருக்கும். போக்குவரத்து எண் பதினான்காவதில் இருக்கும். 1485 என்றால் பொட்டாசியம் குளோரேட், 1350 என்றால் கந்தகம், 1942 என்றால் அம்மோனியம் நைட்ரேட். மூடையிலும் அதே எண் இருக்க வேண்டும். கிட்டங்கிக்கு இன்சூரன்ஸ் போட்டிருப்பவர்கள் இதை வாங்காமல் இறக்கிவிட்டால், ஏதாவது ஆனபின் இழப்பீடு கேட்கப் போகும்போது முழிக்க வேண்டியதுதான்.

"நாளைக்குக் கொண்டாறேன் அண்ணாச்சி" என்று போனவர் பிறகு வரவில்லை. தரகரும் கொஞ்ச நாள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் மூன்று மாத வாடகையைக் கூட்டிச் சொல்லிக்காட்டினான். அந்தச் சரக்கு கடைசியில் எந்தக் கிட்டங்கியில் இறங்கியதோ, அதுதான் எங்களுக்கு இன்றைக்கும் உறுத்தல். அந்தத் தாளின் நகல் எங்கள் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நம் சங்க உறுப்பினர்கள் புதூர்ப் பக்கம் வரும்போது கடைக்கு வந்து பார்க்கலாம்.