அமெரிக்கப் பழைய பிக்கப் வண்டிகள்



அமெரிக்க நாட்டின் வேளாண் மாநிலங்களில், பெருஞ்சாலையை விட்டு விலகிச் சிற்றூர்ப் பாதை வழியே செல்வோர் ஒரு காட்சியை அடிக்கடி காண்பர். தானியக் கொட்டகையின் பின்புறத்தே இடுப்பளவு புல் மண்டியிருக்கும். அப்புல்லினிடையே, முன்விளக்கு இழந்த பழைய மோட்டார் வண்டியொன்று நிற்கும். முன்புறம் இருவர் மூவர் அமரத்தக்க ஓர் அறை. பின்புறம் கூரையற்ற சரக்குத் தொட்டி. இதனையே அந்நாட்டார் பிக்கப் என்பர். நம் உழவர்க்குக் கட்டைவண்டி எவ்வாறு உதவியதோ அவ்வாறே அவ்வுழவர்க்கு இவ்வண்டி உதவியது. இன்று அதனைத் தேடிக் கண்டு, விலை கொடுத்து வாங்கிச் செப்பனிடுவோர் அங்கே பலர். அவர்கள் எவ்வாறு ஆராய்ந்து வாங்குகின்றனர் என்பதை அறிவது, பழம்பொருள் எதனையும் ஆராய விரும்புவோர்க்குப் பயன்படும்.

ஃபோர்டு நிறுவனத்தார் 1925ஆம் ஆண்டில், தம் மாடல் டி வண்டியின் பின்னே தொழிற்சாலையிலேயே சரக்குத் தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றனர். அதற்கு முன்னர் உழவர் பலர் தாமே பெட்டி செய்து காரின் பின்னே மாட்டிக் கொண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பொதுமக்களுக்கான வண்டி உற்பத்தி தடைப்பட்டது. போருக்குப் பின் 1947இல் செவர்லே நிறுவனமும், 1948இல் ஃபோர்டு நிறுவனமும் புதிய வடிவில் பிக்கப் வண்டிகளை வெளியிட்டன. இன்று மிகுதியாகத் தேடப்படுபவை அவ்விரு வரிசைகளைச் சேர்ந்தவையே.

கார் பழையதானால் அதை விற்றுவிடுவது வழக்கம். பிக்கப்போ பழையதானபின் பண்ணைக்குள்ளேயே வேலிக்கம்பும் வைக்கோலும் சுமந்து, ஓடாத நாள் வந்தால் கொட்டகையின் பின்னே போய் நின்றுவிடும். ஆதலின் பண்ணைக் குடும்பத்தார் தொழிலை விடும்போது நடக்கும் ஏலங்களிலும், சிற்றூர்ச் செய்தித்தாள் விளம்பரங்களிலும் இவ்வண்டிகள் வெளிப்படும். இக்காலத்தில் இணைய ஏலங்களும் உண்டு. படத்தை மட்டும் கண்டு பணம் அனுப்புதல் அறிவுடைமை ஆகாது என்பது என் கருத்து. துரு இருக்கும் இடங்கள் படத்தில் விழுவதில்லை.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். வடபகுதி மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைகளில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகின்றனர். உப்பு கலந்த நீர் வண்டியின் அடியில் தெறித்து, இரும்பின் மடிப்புகளிலே தங்கி அரிக்கும். கதவின் கீழ்விளிம்பு, அறையின் பின்மூலைகள், கால் வைக்கும் தரை, அறையைத் தாங்கும் அடிச்சட்டம் ஆகியன முதலில் அழியும். அரிசோனா போன்ற வறண்ட நாட்டில் நின்ற வண்டியில் இரும்பு கெடாது. ஆனால் வெயிலால் ரப்பர் வெடித்து, இருக்கையின் உறை பொடியாகியிருக்கும். உறையையும் ரப்பரையும் மாற்றுதல் எளிது. அரித்துப் போன அடிச்சட்டத்தைச் சீர் செய்தல் அரிது. எனவே, பளபளப்பான வடநாட்டு வண்டியைக் காட்டிலும் நிறம் வெளுத்த பாலைநில வண்டியையே அறிந்தோர் விரும்புவர்.

பளபளப்பிலே மற்றோர் இடரும் உண்டு. துருவேறிய ஓட்டையைப் பட்டி பூசி மூடி, மேலே வண்ணம் அடித்து விற்போர் எந்நாட்டிலும் உளர். இதனைக் கண்டறியும் கருவி பள்ளிச் சோதனைச் சாலையிலேயே இருக்கிறது. சிறு காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றி, வண்டியின் மேல் மெதுவாக நகர்த்த வேண்டும். இரும்பு உள்ள இடத்தில் அது பற்றும். பட்டி தடித்த இடத்தில் நழுவி விழும். அதன்பின் தரையில் படுத்து, கைவிளக்கைக் கொண்டு அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். உடை அழுக்காகும் என்று தயங்குவோர் இத்துறைக்கு ஏற்றவர் அல்லர்.

வண்டியின் ஆண்டை அறிவது சுவையான ஆராய்ச்சி. போலிச் செப்பேட்டை எழுத்தின் வடிவு காட்டிக் கொடுக்கும் என்பதைக் கல்வெட்டறிஞர் வாயிலாக நீங்கள் கேட்டிருப்பீர்கள். இங்கே சாட்சி கூறுவன கதவும் கைப்பிடியும். செவர்லே வண்டியின் கதவில், முன்மூலையில் காற்று வாங்கத் திருப்பும் சிறு கண்ணாடி 1951 முதலே உண்டு. அமுக்கித் திறக்கும் குமிழ் கொண்ட வெளிக் கைப்பிடி 1952இல் வந்தது. விற்பவர் 1948ஆம் ஆண்டு வண்டி என்று கூறும் ஒன்றில் இவை காணப்பட்டால், கதவு மாற்றப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஆண்டு பிழையாயிருக்க வேண்டும். அவர் பொய்யர் என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. பண்ணையில் கதவு உடைந்தால் கிடைத்த கதவை மாட்டுவதே வழக்கம்.

எஞ்சின் ஓடவில்லையே என்று அஞ்சுவோர் பலர். அது அத்துணைப் பெரிய குறையன்று. நெடுநாள் நின்றதால் பிஸ்டன் துருவில் ஒட்டியிருக்கலாம். நீர் உறைந்து எஞ்சின் வெடித்திருக்கவும் கூடும். அவ்வாறு வெடித்திருப்பினும் வேறோர் எஞ்சின் கிடைக்கும். செவர்லேயின் 216 கன அங்குல எஞ்சினை எடுத்துவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த 235 கன அங்குல எஞ்சினைப் பொருத்திய வண்டிகள் மிகப் பல.

ஆனால் இந்த மாற்றத்தால் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழும். அக்காலத்தில் மாநிலங்கள் பலவற்றில் எஞ்சினின் எண்ணையே வண்டியின் எண்ணாகக் கொண்டு உரிமைப் பத்திரம் வழங்கினர். 17 எழுத்தெண்கள் கொண்ட ஒரே சீரான அடையாள எண் 1981ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. பழைய எஞ்சின் போனபின் பத்திரத்தில் உள்ள எண் வண்டியில் எங்கும் இராது. பத்திரமே இல்லாத வண்டிகளும் உண்டு. தாத்தா இறந்தபின் அதனை எவரும் தேடவில்லை என்பர். எண் பொருந்தாத வண்டியைத் தன் பெயரில் பதிவு செய்ய வாங்குபவர் அலுவலகந்தோறும் அலைய நேரும். திருட்டு வண்டி என்று தெரியவந்தால் வண்டியும் போம், பணமும் போம். ஆதலின் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுத் தூணில் உள்ள தகட்டையும் எஞ்சினில் பொறித்த எண்ணையும் படித்து ஒப்பிட்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

விலை பேசுமிடத்து ஒன்று கூற விரும்புகிறேன். விற்பவர் வண்டியின் மதிப்பு அறியாத முதியவராயிருந்தால், அவருடைய அறியாமையை இலாபமாக்கிக் கொள்வதைச் சிலர் திறமையெனப் பேசுகின்றனர். எனக்கு அது திறமையாகத் தோன்றவில்லை. அவர் தந்தையார் உழைத்த வண்டி அது.

வாங்கியவுடன் அதனை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப ஆசை எழும். அது உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். இவ்வண்டிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் எண்ணெய் செலுத்துவது ஒரே தொடர். ஏதேனும் ஓரிடத்தில் குழாய் கசிந்தால் நான்கும் ஒருசேரச் செயலிழக்கும். இரட்டைத் தொடர் அமைப்பு 1960களின் பிற்பகுதியில்தான் அங்கே பொதுவழக்காயிற்று. பல ஆண்டு நின்ற வண்டியில் குழாயின் நிலையை வெளியிலிருந்து அறிய இயலாது. ஆகவே டிரெய்லரில் ஏற்றிச் செல்வதே முறை.

ஏற்றுவதற்கு முன் கொட்டகைக்குள் ஒருமுறை சென்று வர விற்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கழற்றி வைத்த முன்விளக்கு வளையமும், சக்கரத்தின் மூடியும், சிலபோது பழைய எஞ்சினுமே அங்கே தூசிக்குள் கிடப்பதுண்டு.