செலினியமும் புற்றுநோயும்

செலினியம் கந்தகத்தை ஒத்த ஒரு தனிமம். 1817-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்ஸீலியஸ் இதனைக் கண்டறிந்தார். நெடுங்காலம் இது ஒரு நஞ்சென்றே கருதப்பட்டது. வைட்டமின் ஈ குறைந்த உணவை உண்ட எலிகளின் ஈரல் நசிந்து போவதைச் சிறிதளவு செலினியம் தடுக்கிறது என்று 1957-இல் ஷ்வார்ட்ஸ், ஃபோல்ட்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் காட்டினர். அதுமுதல் இது உடலுக்கு இன்றியமையாத பொருளாக எண்ணப்படலாயிற்று.

உயிரணுக்களில் பிராணவாயு பயன்படுகையில் பெராக்ஸைடுகள் உண்டாகின்றன. இவை மிகுந்தால் உயிரணுவின் மரபுப் பொருள் சேதமுறும். அச்சேதம் புற்றுநோய்க்கு வித்தாகலாம். பெராக்ஸைடுகளைச் சிதைக்கும் குளுடாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற என்ஸைமில் செலினியம் அடங்கியிருப்பது 1973-இல் தெரியவந்தது. இரத்தத்தில் செலினியம் குறைந்தவர்களிடையே சிலவகைப் புற்றுநோய்கள் மிகுந்திருப்பதையும் சில ஆய்வுகள் காட்டின. எனினும் இது மட்டும் சான்றாகாது. நோயே செலினியத்தின் அளவைத் தாழ்த்தியிருக்கவும் கூடும். ஆகவே நேரடிச் சோதனை தேவையாயிற்று.

அமெரிக்காவில் தோல் புற்றுநோய் கண்டிருந்த 1,312 பேரைக் கொண்டு 1983-இல் ஒரு சோதனை தொடங்கிற்று. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியமும், மறுபிரிவினருக்குச் செலினியமற்ற மாத்திரையும் அளிக்கப்பட்டன. 1996-இல் வெளியான முடிவின்படி தோல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் பிராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது.

இதனை உறுதிசெய்ய 2001-இல் 35,000-க்கும் மேற்பட்ட ஆடவரைக் கொண்டு மற்றொரு சோதனை தொடங்கப்பட்டது. செலினியத்தால் பயன் காணப்படாமையால் 2008-இல் அது நிறுத்தப்பட்டது. தொடக்கத்திலேயே உடலில் செலினியம் மிகுந்திருந்தவர்கள் அதை மேலும் உட்கொண்டபோது, கடுமையான பிராஸ்டேட் புற்றுநோய் வரும் அபாயம் ஏறக்குறைய இருமடங்கானதாக 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இவ்வேறுபாட்டிற்கு ஒரு முக்கிய விளக்கம் தொடக்க அளவிலேயே உள்ளது. முதற்சோதனையினரின் இரத்த நீரில் மில்லிலிட்டருக்குச் சராசரி சுமார் 114 நானோகிராம் செலினியம் இருந்தது. அவர்களுள்ளும் குறைந்த அளவினரே நன்மை பெற்றனர். இரண்டாவதில் அது சுமார் 135 நானோகிராம். என்ஸைமின் தேவை நிறைவெய்திய பின் கூடுதல் செலினியத்தால் அதன் வேலை பெருகுவதில்லை. சத்துக்குறை மிகுந்த சீனாவின் லின்ஷியன் பகுதியில், செலினியம், வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்த்து அளிக்கப்பட்டபோது புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்ததாக 1993-இல் வெளியான முடிவும் இதற்கு இயைந்ததே. எனினும் அப்பயன் செலினியத்தால் மட்டுமே விளைந்ததென்று கூறவியலாது.

உடலில் செலினியத்தின் அளவு, உண்ணும் தானியம் விளைந்த மண்ணைப் பெரிதும் பொறுத்தது. பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் வட்டாரங்களில் சில நிலங்களில் இது மிகுதியாக உள்ளது. அங்கு விளைந்தவற்றை உண்டு வந்த மனிதரிடமும் கால்நடைகளிடமும் முடி உதிர்தல், நகமும் குளம்பும் சிதைதல் போன்ற நச்சு விளைவுகள் காணப்பட்டன. அத்தகையோருக்குச் செலினிய மாத்திரை தீங்கையே கூட்டும்.

அமெரிக்கப் பரிந்துரைப்படி வயதுவந்தோரின் அன்றாடத் தேவை 55 மைக்ரோகிராம். மேல்வரம்பு 400 மைக்ரோகிராம். தேவைக்கும் மிகைக்கும் உள்ள இடைவெளி சிறிதாகையால், இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் ஆலோசனையுமின்றிப் புற்றுநோயைத் தடுக்கவெனச் செலினியத்தை உட்கொள்வது தகாது.