குளிர்கால ஓட்டத்தில் இதயத் துடிப்பைக் கவனிப்போம்

குளிர்காலம் வந்துவிட்டால் ஓட்டப் பந்தயங்களும் வந்துவிடும். சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரியில்தான் நடக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தைத் தணிக்க தோலுக்கும் இரத்தம் போயாக வேண்டும். அதனால் கோடையில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. குளிர்ந்த விடிகாலையில் இந்தச் சுமை குறைகிறது.

ஆனால் பந்தயம் என்றதும் நம்மில் பலர் முன்னால் ஓடுபவரைத் துரத்துகிறோம். நாற்பதைக் கடந்த தந்தை இப்படி ஓடினால் வீட்டிலுள்ளோர் கவலைப்படுவது நியாயமே. வெற்றி தோல்வியை மறந்து, பந்தயத்தையே ஒரு நீண்ட பயிற்சியாக எடுத்துக்கொள்வது இதற்கு நல்ல வழி. அப்போது வேகத்தை இதயத் துடிப்பு தீர்மானிக்கும்.

கணக்கு எளிது. 220-இல் வயதைக் கழித்தால், இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 40 வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு 180. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 108 முதல் 126 வரை, நிதான ஓட்டத்துக்கான அளவு. இது சராசரிக் கணக்குதான். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறலாம். ஆகவே இன்னொரு சோதனையும் வேண்டும். உடன் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி.

மெதுவாக ஓடினால் என்ன பலன் என்று கேட்கலாம். இத்தகைய ஓட்டத்தில் உடல் கொழுப்பை அதிகம் எரிபொருளாக்கப் பழகுகிறது. நாளடைவில் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவும் கூடுகிறது. அமெரிக்க வீரர் மார்க் ஆலன் துடிப்புக்கு வரம்பு வைத்துப் பயிற்சி செய்தவர். ஆரம்பத்தில் அவர் மிகவும் மெதுவாக ஓட வேண்டியிருந்தது. பின்னர் ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் 1989 முதல் ஆறு முறை வென்றார்.

இந்த முறையின் அருமை மலையில் நன்றாகத் தெரியும். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் சாலையில் ஒருவர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் ஓடும் அதே வேகத்தில் ஏறினால் துடிப்பு வரம்பைத் தாண்டிவிடும். அப்போது நடக்க வேண்டும், அதில் வெட்கமில்லை. துடிப்பு இறங்கியதும் மீண்டும் ஓடலாம். குளிரில் கைக்கடிகாரம் சில நேரம் தவறாகக் காட்டும். மார்பில் கட்டும் பட்டை அதைவிட நம்பகமானது. இரண்டும் இல்லையென்றால், சற்று நின்று மணிக்கட்டில் 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நீண்ட தூர ஓட்டங்கள் இருட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.30 மணிக்கு. எனவே ஃபஜ்ர் நேரம் ஓட்டத்தின் நடுவில் வந்துவிடக்கூடும். உளூவுடன் புறப்பட்டு, நேரம் வந்ததும் பாதையோரம் ஒதுங்கித் தொழுதுவிட்டுத் தொடரலாம். நேரத்தைத் துரத்துபவருக்கு அந்த ஐந்து நிமிடம் இழப்பாகத் தோன்றும். பயிற்சிக்காக ஓடுபவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஓடத் தொடங்குபவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவிடும். ஆகவே அவற்றை உட்கொள்வோருக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள்.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு. அந்த உரிமையைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!