பழைய லேப்டாப்பா? எஸ்எஸ்டியின் கணக்கைக் கேளுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோடில் பழைய லேப்டாப் வாங்க வருகிறவர்கள் திரையில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பார்கள். நம் படங்களும் கணக்குவழக்குகளும் குடியிருக்கப்போகும் எஸ்எஸ்டியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஹார்ட் டிஸ்க் என்றால் கெடுவதற்கு முன் பல நேரம் கடகடவென்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. போனால் சத்தமில்லாமல் போய்விடும். ஆனால், தன் தேய்மானத்தைத் தானே கணக்கெழுதி வைத்துக்கொள்ளும் பொருள் அது.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இதன் அடிப்படை. நுண்ணிய செல்களுக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைத்துத் தகவலைச் சேமிக்கிறது. எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கடக்கின்றன. ரப்பரால் அழித்து அழித்து எழுதிய தாள் போல அந்தப் படலம் நாளடைவில் நலிந்துபோகிறது. ஒரே இடம் தேயாதபடி எழுத்தைப் பரவலாகப் பிரித்துப்போடுவது கன்ட்ரோலர் என்னும் சிப்பின் வேலை. கெட்ட பகுதிகளுக்கு மாற்றாகக் கொஞ்சம் உபரி இடமும் உள்ளே உண்டு.

கணக்கைப் பார்ப்பது எளிது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய், அட்வான்ஸ்டு பகுதியில் டிஸ்க்கின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு மிச்ச ஆயுள், உபரி இடம், வெப்பநிலை மூன்றும் தெரியும். முழு விவரம் வேண்டுமானால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ்.

என்விஎம்இ எஸ்எஸ்டியில் பார்க்கவேண்டியவை நான்கு. முதலாவது, தேய்மான சதவீதம். 0-இல் தொடங்கி ஏறும். 100-ஐத் தாண்டியும் ஓடலாம். 100 என்றால் உற்பத்தியாளர் கணித்த ஆயுள் முடிந்தது என்று பொருள், அன்றே நின்றுவிடும் என்றில்லை. இரண்டாவது, உபரி இடம். 100-இல் தொடங்கி இறங்கும். குறைந்துகொண்டே வந்தால் செல்கள் சாகின்றன. மூன்றாவது, தகவல் பிழைகள். இது 0-ஆக இருப்பதே நல்லது. நான்காவது, இதுவரை எழுதிய மொத்த அளவு. 'புது எஸ்எஸ்டி போட்டிருக்கோம்' என்று கடைக்காரர் சொல்லும்போது இங்கே பல டெராபைட் தெரிந்தால், அது புதிது அல்ல.

அதற்காக அநாவசிய பயமும் வேண்டாம். சாம்சங் 970 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட் எழுதும் அளவுக்கு உத்தரவாதம் உண்டு. தினம் 30 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 27 ஆண்டு ஆகும். கவனிக்கவேண்டியது இன்னொன்று: 2018-க்குப் பிந்தைய மேக்புக் ஏர் போன்றவற்றில் சேமிப்புச் சிப்புகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. தேய்ந்தால் கழற்றி மாற்ற முடியாது. ஆயுள் முடிந்த எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் போட்டுவைப்பதும் ஆபத்து. 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதே சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி.

எண்கள் எல்லாம் நன்றாக இருந்தாலும் கன்ட்ரோலர் திடீரென்று செயலிழக்கலாம். அதை எந்தச் சதவீதமும் முன்கூட்டிச் சொல்லாது. ஆகவே வாங்கும் முன் கணக்கைப் பாருங்கள், வாங்கிய பின் முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.