மொதல்ல கரண்டைப் பாருங்க பாஸ்!

சிக்னல்ல ஒரு சிவப்பு எம்ஜிபி வந்து நிக்குது. கூரை இல்லை, ரெண்டே சீட், நீள பானெட். பக்கத்து பைக்ல இருக்கிறவங்க எல்லாம் ஜொள்ளு விடுறாங்க. ஓட்டுறவர் முகத்துல மட்டும் ஈயாடலை. ஏன்னா, வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறுது. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ஆஃப் ஆயிடும். சைலன்ஸர்ல 'டப்... டப்'னு வெடிச் சத்தம் வேற. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவங்க எந்த நாட்டுல இருந்தாலும் இந்த அவமானத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பாங்க.

எம்ஜிபி, இங்கிலாந்தில் அபிங்டன் என்கிற ஊரில் 1962-லிருந்து 1980 வரைக்கும் தயாரான கார். மொத்தம் அஞ்சு லட்சத்துக்கும் மேல. 1798 சி.சி., நாலு சிலிண்டர், 'பி சீரிஸ்' இன்ஜின்.

"இங்கிலாந்து காருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கறீங்களா? இருக்கு! உங்க தாத்தா வீட்டு ஷெட்ல தூசி படிஞ்சு நிக்குதே பழைய பெட்ரோல் அம்பாசிடர், அதுல இருக்கிறதும் அதே பி சீரிஸ் குடும்பத்து இன்ஜின்தான். 1489 சி.சி. எம்ஜிபிக்கு அண்ணன் முறையான எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார் 1955-ல் வந்தப்போ அதுக்கும் இதே 1489 சி.சி.தான். அதுக்கு ரெண்டு கார்புரேட்டர், நம்ம அம்பிக்கு ஒண்ணு. அதனால வைத்தியமும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

நான் கத்துக்கிட்டதும் பெரியப்பாவோட அம்பாசிடர்லதான். கத்துக்கிட்ட லட்சணத்தைக் கேளுங்க. வண்டி ஸ்லோல நிக்க மாட்டேங்குது, மிஸ்ஸிங் அடிக்குது. உடனே நான் ஒரு பெரிய இன்ஜினீயர் மாதிரி பிளக், சி.பி. பாயிண்ட், கண்டன்ஸர்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல புதுசா மாத்தினேன். அப்பவும் மிஸ்ஸிங். "அப்போ கரண்ட்ல கோளாறு இல்லை, எல்லாம் புதுசாச்சே! கார்புரேட்டர்தான் வில்லன்"னு தீர்ப்பு எழுதிட்டேன். மூணு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழட்டிக் கழட்டி மாட்டினேன். கடைசியில வண்டி ஸ்டார்ட்டே ஆகலை. பெரியப்பா வெறுத்துப்போய், நாலாவது ஞாயிறு காலை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டார். பெரியம்மா கல்யாணமாகி வந்த கார் அது. அன்னிக்கு வீட்ல யாரும் என்கூடப் பேசலை.

சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனை மெக்கானிக் பாய் கையில காலில விழாத குறையாக் கூட்டிட்டு வந்தேன். அவர் கார்புரேட்டர் பக்கமே திரும்பலை. "தம்பி, மொதல்ல கரண்டைப் பார்த்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.

1600 பொறி!

நாலு சிலிண்டர் இன்ஜின் ஸ்லோல நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு சுத்துக்கு ரெண்டு பொறி. அப்போ நிமிஷத்துக்கு 1600 பொறி! ஒவ்வொண்ணுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற சி.பி. பாயிண்ட் ஒரு தடவை திறந்து மூடணும். திறக்கிற அந்த நொடியிலதான் காயில்ல ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி பிளக்குக்கு ஓடுது. அந்த நேரத்துல கரண்ட் பாயிண்ட் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். குதிக்க விடாமத் தனக்குள்ள இழுத்துக்கிறதுதான் கண்டன்ஸர். சுண்டு விரல் சைஸ் டப்பா. இது கெட்டுப்போனா பாயிண்ட் கருகும், பொறி மஞ்சளா நோஞ்சானா வரும், இன்ஜின் உதறும்.

எம்ஜிபிக்குப் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். ஏ4 பேப்பரை நாலா மடிச்ச கனம்தான். ஃபீலர் கேஜ் வெச்சுப் பாருங்க. பாயிண்டோட குதிகால் தேயத் தேய இந்த இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும். என் அம்பாசிடரோட ஒரிஜினல் கோளாறே அதுதானாம்! ஒரு திருகு திருப்பினா முடிஞ்சிருக்கிற வேலை. இன்னொண்ணு: இடைவெளி மாறினா டைமிங்கும் மாறும். அதனால மொதல்ல பாயிண்ட், அப்புறம் டைமிங். தலைகீழாப் பண்ணினா ரெண்டு வேலையும் தண்டம்.

எந்த சிலிண்டர் அது?

ஐடி கார்டு டேக், துப்பட்டா, வாட்ச் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு வாங்க. ஃபேன் சுத்துற இடத்துல ஸ்டைல் வேணாம்.

இன்ஜினை ஆஃப் பண்ணி ஒரு பிளக் ஒயரைக் கழட்டி, அதுல ஸ்பேர் பிளக் ஒண்ணை மாட்டி, அதோட உடம்பு இன்ஜின்ல நல்லா எர்த் ஆகுற மாதிரி கட்டி வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. நடுக்கம் அதிகமானா அந்த சிலிண்டர் அதுவரைக்கும் நல்லா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு மாற்றமும் இல்லையா? ஆள் மாட்டிக்கிட்டார். அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. மிஸ்ஸிங் கூடவே போனா பிளக்தான் குற்றவாளி. போகலையா, ஒயரை மாத்திப் பாருங்க. ஒயரைத் திரும்ப மாட்டும்போது 1-3-4-2 வரிசை முக்கியம்.

கழட்டின பிளக்கோட மூஞ்சியையும் பாருங்க. இளம் காப்பிக் கலர்னா ஆரோக்கியம். காய்ஞ்ச கரின்னா பெட்ரோல் ஜாஸ்தி, இல்லேன்னா பொறி வீக். ஈரமா எண்ணெய்ப் பிசுக்குன்னா ஆயில் உள்ளே வருது, அது பெரிய செலவு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ராத்திரி ஷெட் லைட்டை அணைச்சுட்டு இன்ஜினை ஓட விட்டு, கைகளைப் பின்னால கட்டிக்கிட்டு பானெட்டுக்குள்ள பாருங்க. ஒயர்லயோ, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்லயோ ஓட்டை இருந்தா நீல நிறத்துல பூரான் ஊர்ற மாதிரி கரண்ட் கசியறது தெரியும்!

கேப்பைத் திறந்தா உள்ளே பின்னல் போட்ட ஒரு குட்டி எர்த் ஒயர் இருக்கும். மேல பார்த்தா முழுசா இருக்கும், தொட்டா ரெண்டு இழை மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். அட்வான்ஸ் குடுவையில இருந்து வர்ற சின்னக் குழாயைக் கழட்டி வாயால உறிஞ்சி, நாக்கால அடைங்க. காத்து நிக்கணும். நிக்கலைன்னா உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை விரலால ஆட்டுங்க. பக்கவாட்டுல ஆடினா இடைவெளி ஒவ்வொரு சுத்துலயும் மாறும், நீங்க எவ்வளவு செட் பண்ணினாலும் நிக்காது.

இப்போ போகலாம் கார்புரேட்டருக்கு

பொறி நீலமா, 'சட் சட்'னு வருதா? அப்புறம்தான் பெட்ரோல் பக்கம். அங்கேயும் ஸ்க்ரூவைத் திருகறதுக்கு முன்னாடி, மேனிஃபோல்டுல எங்கேயாவது காத்து திருட்டுத்தனமா உள்ளே போகுதான்னு பாருங்க. ரப்பர் ட்யூப்போட ஒரு முனையைக் காதுல வெச்சு, இன்னொரு முனையை ஜாயின்ட் ஓரமா நகர்த்தினா 'உஸ்ஸ்'னு காட்டிக் கொடுத்துடும். சிலர் ஸ்பிரே அடிச்சுப் பார்ப்பாங்க. இந்த இன்ஜின்ல சைலன்ஸர் மேனிஃபோல்டும் கார்புரேட்டர் பக்கத்துலயே கொதிச்சுக்கிட்டு இருக்கும், நெருப்பு பிடிச்சா அவ்வளவுதான். நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

எம்ஜிபியோட ரெண்டு எஸ்யூ கார்புரேட்டருக்கும் அதே ட்யூப் போதும். ரெண்டு வாயிலயும் 'உஸ்' சத்தம் ஒரே அளவு கேட்கணும். அப்புறம் அடியில இருக்கிற சின்ன ஊசியை அழுத்தி உள்ளே இருக்கிற பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்குங்க. இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி. ஆஃப் ஆகப் பார்த்தா கம்மி. லேசா ஏறி உடனே இறங்கினா கரெக்ட்.

இவ்வளவும் சரியா இருந்தும் உதறுதுன்னா வால்வ் கிளியரன்ஸும் கம்ப்ரஷனும் பார்க்கணும். அது தனி வேலை.

சரி, அம்பாசிடர் கதை? பாய் கேப்பைத் திறந்தார். நான் போட்ட புதுப் பாயிண்ட் ரெண்டு வாரத்துல கருகிக் கிடந்தது. "பழைய கண்டன்ஸர் எங்கே?"ன்னார். நல்லவேளை, தூக்கிப் போடலை, டூல் பாக்ஸ்லயே கிடந்தது. அதை மாட்டி, பாயிண்டைத் தேய்ச்சு இடைவெளி வெச்சார். நான் புதுசா வாங்கிப் போட்டதுதான் டம்மி! கார்புரேட்டர்ல நான் திருகின திருகை எல்லாம் ஒழுங்கு பண்ணத்தான் அவருக்கு ராத்திரி பதினோரு மணி ஆச்சு.

மறுநாள் பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்தார். பெரியப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, அதே கார்ல பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விட்டுட்டு வந்தார்.