காணி வாங்க முன் கையொப்பங்களை எண்ணுங்கள்

இடம்பெயர்ந்து, வாடகை வீடுகள் மாறி மாறி, இப்போதுதான் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கப் போகிறீர்களா? சுவரையும் கிணற்றையும் பார்க்க முன் உறுதியைப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் பல காணிகள் சகோதரர்களுக்குப் பங்கானவை. ஒருவர் கனடாவில் இருப்பார், ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டிருப்பார். கையொப்பமிடுபவர் தன் பங்கை மட்டுமே விற்கலாம். தேசவழமைப்படி அந்தப் பங்கை முதலில் வாங்கும் உரிமை மற்றப் பங்காளர்களுக்கு உண்டு. வெளிநாட்டிலிருப்பவர் அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்திருந்தால் அது செல்லாது.

வன்னியில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. வெற்றுத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கினாலும் காணி உங்களுடையதாகாது. விற்பனை உறுதியை நொத்தாரிசுதான் எழுதவேண்டும்.

காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடுவிக்க வேண்டும். அடமானம், வழக்கு, பழைய விற்பனை எல்லாம் அங்கேதான் தெரியவரும். நில அளவையாளரைக் கொண்டு எல்லையையும் அளப்பியுங்கள். போருக்கு முந்திய வேலி இன்று அதே இடத்தில் இல்லாதிருக்கலாம்.

இவை முடியும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். “நாளைக்கு வேறு ஆள் வருகுது” என்று விற்பவர் அவசரப்படுத்தினால், வரட்டும். இருந்த வீட்டை ஒருமுறை இழந்தவர்கள் நாங்கள். வாங்கிய வீட்டையும் இழக்கக்கூடாது.